பெருமை சொல்லுலதான் இருக்கு, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எனக்கு முன்னாடி எதிரணியில பேசின சகோதரி, ஆஸ்திரேலியாவுல குடியேறின வெள்ளைக்காரங்களும் அவங்க வம்சமும் எழுதினதுல தேசப்பெருமை கருத்துலதான் இருக்கு, சொல்லுங்கிறது மேல போட்டுக்கிற சட்டைதான்னு சொல்லிட்டுப் போனாங்க. கருத்து 1823லயே இருந்துச்சே, அம்மா! கேம்பிரிட்ஜ்ல படிச்சிட்டு இருந்த ஆஸ்திரேலியாக்காரர் வென்ட்வொர்த் தன் மண்ணப் பத்தி நீளமா ஒரு கவிதை எழுதினார், வரிக்கு வரி பாசம். ஆனா முடிவுல அந்த மண்ண என்னன்னு கூப்பிட்டார்? இன்னொரு உலகத்துல ஒரு புது பிரிட்டானியா, அதாவது புது பிரிட்டன்னு. புள்ள மேல பாசம் இருக்கு, கூப்பிடறது மட்டும் அதோட அம்மா பேரச் சொல்லி.

இப்போ 1895க்கு வாங்க. குயின்ஸ்லாந்துல வின்டன் பக்கத்துல ஒரு ஆட்டுப்பண்ணையில தங்கியிருந்தப்போ பான்ஜோ பேட்டர்சன்ங்கிற கவிஞர் எழுதின பாட்டு, வால்ட்சிங் மெட்டில்டா. கதை என்ன? மூட்டையத் தூக்கிட்டு வேலை தேடி நடக்கிற ஒருத்தன் ஒரு ஆட்டப் பிடிக்கிறான், போலீஸ் வருது, தண்ணியில குதிச்சு செத்துடறான். அவ்ளோதான். கொடி இல்ல, ராஜா இல்ல, என் தாய்நாடேன்னு ஒரு வரி இல்ல. அப்புறம் ஏன் அந்த ஜனங்க இன்னிக்கும் நெஞ்சு நிமித்திப் பாடறாங்க? அதுல வர்ற சொல்லப் பாருங்க. பில்லபாங், ஆறு தடம் மாறிப் போனப்புறம் தேங்கி நிக்கிற தண்ணி, அது விராஜுரிங்கிற பூர்வகுடி மக்களோட சொல்லு. கூலிபா, அந்த மண்ணோட மரம். பில்லி, காட்டுல டீ கொதிக்க வைக்கிற தகர டப்பா. ஸ்குவாட்டர்னா மத்த ஊர்ல அடுத்தவன் இடத்துல குந்திக்கிட்டவன், அங்க ஆயிரக்கணக்குல ஆடு வச்சிருக்கிற பெரிய பண்ணக்காரன். லண்டன்ல இருக்கிறவனுக்குப் பாதி புரியாதுன்னு தெரிஞ்சும் ஒரு சொல்லுக்குக்கூட பாட்டுல விளக்கம் கெடையாது, எங்க ஊருப் பாட்டு எங்க ஊரு பேச்சுலதான் இருக்கும்ங்கிற அந்தத் தெம்பு இருக்கு பாருங்க, அதத்தான் நான் பெருமைங்கிறேன். அங்க இருந்த ஆறு பிரிட்டிஷ் காலனியும் சேர்ந்து ஒரே நாடானது 1901லதான், சொல்லு 6 வருஷம் முந்திக்கிச்சு.

1908ல டோரத்தியா மெக்கெல்லர்ங்கிற கவிஞரோட கவிதை. முதல்ல இங்கிலாந்தோட ஒழுங்கான தோப்பு, தோட்டம்னு சொல்லிட்டு, எனக்குப் பிடிச்சது அது இல்ல, வெயில்ல வெந்த நாடுன்னு எழுதறாங்க. வறட்சியையும் வெள்ளத்தையும் பிடிச்சதோட பட்டியல்ல சேர்த்தாங்க, குறையா சொன்ன சொல்லெல்லாம் கொஞ்சற சொல்லா மாறிடுச்சு.

சகோதரி இன்னொன்னும் கேட்டாங்க, பூர்வகுடிகளோட மண்ணையும் பறிச்சு பில்லபாங்னு அவங்க சொல்லையும் எடுத்துக்கிட்டதுல என்ன பெருமைன்னு. நியாயமான கேள்வி, எனக்கும் வலிக்குது. ஆனா அந்த வலியே சொல்லுலதானே தைக்குது?

ஆஸ்திரேலியாவோட தேசிய கீதத்தப் பாருங்க. 1878ல மெக்கார்மிக்ங்கிறவர் எழுதினது, 1984ல கீதமாச்சு. நாங்க இளமையான சுதந்திர நாடுங்கிற அர்த்தத்துல ‘யங்’னு ஒரு சொல்லு. பல பத்தாயிரம் வருஷமா அங்கயே வாழற ஜனங்கள வச்சுக்கிட்டு இளமையான நாடுன்னு எப்படிப் பாடறதுன்னு கேள்வி வந்துச்சு. 2021 ஜனவரி 1லேருந்து ‘யங்’ போய் ‘ஒன்’, அதாவது ஒன்றுபட்டன்னு ஆயிடுச்சு. மெட்டு அதேதான், மத்த வரியும் அப்படியே இருக்கு. சொல்லு வெறும் சட்டைன்னா, அந்த ஒரே ஒரு சொல்ல மாத்தறதுக்கு ஒரு நாடு ஏன் அவ்ளோ மல்லுக்கட்டணும்? அடுத்து வர்ற எதிரணி இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.