கைக்காசு போட்டு வேடம் கட்டியவர்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் இடம்பிடித்து அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

"தமிழ் நாடகத்தை வளர்த்தது ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் கம்பெனிகளா, பட்டணத்து அமெச்சூர் சபாக்களா?" இதுதான் தலைப்பு. எனக்கு வந்தது சபா, அதாவது வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்காமல் நாடகம் போட்டவர்கள். வீட்டில் அப்போதே எச்சரித்தார்கள். "காரைக்குடிப் பக்கம் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்த சனம். அங்கே போய்ச் சபாவுக்குப் பேசினால் ஒரு கைதட்டுக்கூடக் கிடைக்காது" என்றார்கள். பரவாயில்லை, கைதட்டை எதிரணி வாங்கிக்கொள்ளட்டும். தீர்ப்பை நான் வாங்கிக்கொள்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு வசனம் சொன்னார். "சபாக்காரனுக்கு நாடகம் பொழுதுபோக்கு, கம்பெனிக்காரனுக்கு அது சோறு. சோற்றுக்காகச் செய்பவன்தான் உயிரைக் கொடுத்துச் செய்வான்" என்றார். பந்தலே அதிர்ந்தது. அண்ணே, இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லலாமா? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நம் நகரத்தார், சம்பாத்தியத்தில் மகமை என்று ஒரு பங்கு எடுத்துவைத்து எத்தனை கோயிலுக்குத் திருப்பணி செய்தார்கள்! அவர்கள் சோற்றுக்காகவா செய்தார்கள்? அது பொழுதுபோக்கா? சபாக்காரர்களும் அப்படித்தான். நாடகத்துக்கு மகமை கொடுத்தவர்கள்.

கதைக்கு வருகிறேன். 1891ஆம் ஆண்டு சென்னைப் பட்டணத்துக்குப் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபா என்று ஒரு குழு வருகிறது. தெலுங்கு நாடகம். பம்மல் சம்பந்தம் என்ற 18 வயதுப் பையன் பார்க்கப் போகிறான். அதுவரை அவனுக்குத் தமிழ் நாடகம் என்றாலே ஆகாது. அங்கே அவனை அசைத்தது நாடகத்தைவிட அதில் நடித்தவர்கள். அந்தக் குழுவை நடத்தியவரே ஒரு வக்கீல். கூட நடித்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். கௌரவமான மனிதர் மேடை ஏறலாமா என்று அவன் மனசில் இருந்த முடிச்சு அன்றைக்கு அவிழ்ந்தது.

அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, கைவிரலில் எண்ணக்கூடிய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டான். சரி, மறு மாசமே நாடகம் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. முதல் நாடகமான 'புஷ்பவல்லி' மேடை ஏறியது 1893இல். இடையில் முழுக்க ஒத்திகை, சந்தா, கமிட்டி, சண்டை. சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள் பாருங்கள்.

அந்தக் காலத்தில் நடிகனுக்கு என்ன பெயர்? கூத்தாடி. வாடகைக்கு வீடு கேட்டால் கிடைக்காது, பெண் கேட்டால் கிடைக்காது. அந்தச் சூழ்நிலையில் நம் பம்மல், வக்கீலாகி, பின்னாளில் ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியும் ஆனவர், பகலில் கட்சிக்காரருக்கு வாதாடிவிட்டு ராத்திரி விக்டோரியா பப்ளிக் ஹாலில் அரிதாரம் பூசிக்கொண்டு நிற்கிறார். காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி அந்தச் சபையில் நடித்தார். பின்னாளில் திருவிதாங்கூர் திவான் ஆன சர் சி.பி. ராமசாமி ஐயர் உறுப்பினராக இருந்தார். இவர்களைப் பார்த்துக் கூத்தாடி என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? அப்படி அவர்கள் சம்பாதித்த மரியாதை அவர்களோடு நின்றுவிடவில்லை. மெல்ல மெல்லக் கம்பெனி நடிகனுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த மரியாதைக்குச் சபாக்காரர்கள் வட்டி கேட்டதில்லை.

அடுத்தது 'மனோகரா'. இங்கேதான் எதிரணியின் பேரேட்டைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். சங்கிலியால் கட்டி அரசவைக்கு இழுத்து வருகிறார்கள், மனோகரன் சங்கிலியை அறுக்கிறான். இந்தக் காட்சியைப் போட்டு வசூல் அள்ளாத கம்பெனி உண்டா? டி.கே.எஸ். சகோதரர்கள் போட்டார்கள். சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் போட்டன. 1954இல் கலைஞர் வசனத்தில் சிவாஜி நடித்துப் படமாகவும் வந்தது. உங்கள் வீட்டு அப்பத்தாவுக்கும் தெரியும். அந்த நாடகத்தை எழுதியது யார்? பம்மல். எழுதியது எந்த மேடைக்காக? சுகுண விலாச சபைக்காக, 1895இல். விதைநெல் எங்கள் பத்தாயத்தில் இருந்தது, விளைச்சலை மட்டும் நீங்கள் அளந்துகொண்டு போனீர்கள்.

அப்புறம் நட்சத்திரம். "எம்.ஜி.ஆர். எங்கள் கம்பெனி, சிவாஜி எங்கள் கம்பெனி" என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். எம்.கே. தியாகராஜ பாகவதர் யார்? திருச்சியில் எஃப்.ஜி. நடேச ஐயர் என்று ஒரு ரயில்வே அதிகாரி, அமெச்சூர் சபா நடத்தியவர். பாடித் திரிந்த ஒரு பையனைப் பிடித்து 'அரிச்சந்திரா'வில் லோகிதாசனாக நிறுத்தினார். அந்தப் பையன்தான் பாகவதர். கே. பாலசந்தர் யார்? ஏ.ஜி. ஆபீஸ் என்ற அரசுக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. ஆபீஸ் விட்டு வந்து நாடகம் போட்டவர். இதற்கு மேல் பட்டியல் போட்டால் நடுவர் ஐயா கோபித்துக்கொள்வார்.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சபையில் நாயகி யார் தெரியுமா? ரங்கவடிவேலு என்ற ஆண். படித்தவர்கள், முற்போக்கானவர்கள், ஆனால் பெண்ணை மேடை ஏற்ற மனசு வரவில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தியிருக்கிறார். அந்த விஷயத்தில் நாங்கள் தலைகுனிய வேண்டியதுதான். நம் தேவகோட்டை ரஸ்தா ஏவி.எம். ஸ்டூடியோவில் எடுத்த 'நாம் இருவர்' படத்தின் மூலக்கதை, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பெயரில் இருந்த என்.எஸ்.கே. குழு போட்ட நாடகம் என்றீர்கள். சரி, அதையும் உங்கள் வரவில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிகளுக்கு நாடகமும் பாட்டும் எழுதிக்கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த நாக்கு இது.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று. நம் ஐயாக்கள் கொழும்பில் கடை நடத்திக்கொண்டிருந்த காலத்தில் சுகுண விலாச சபையும் அங்கே போய் நாடகம் போட்டது. சம்பாதிக்கப் போகவில்லை. அதன் வழியில்தான் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை வந்தது. அதை நடத்திய கலையரசு சொர்ணலிங்கம் கடைசிவரை பம்மலைத்தான் தன் குரு என்றார். ஐயா, கொழும்புக் கணக்கைச் சரிபார்க்க இந்த ஊரைவிட ஆள் எங்கே கிடைப்பார்கள்? அதை எங்கள் பற்றில் எழுதாமல் வரவில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். வணக்கம்.