செத்த மாட்டுக்குக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

2024 பிப்ரவரி 26 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து வடகோடியில், ஸ்டின்னட் என்ற ஊருக்குப் பக்கத்துப் புல்வெளியில் தீப்பிடித்தது. ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ என்று பெயர். மார்ச் நடுவில் அடங்கியபோது 10 லட்சம் ஏக்கருக்கு மேல் கருகியிருந்தது. அதில் சிக்கிய ஹெம்ப்ஃபில் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மனிதர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். பலருக்குப் பிழைப்பு மாட்டில்.

ஒரு கவுண்டியைப் பேரிடர்ப் பகுதி என்று வேளாண் அமைச்சர் அறிவித்துவிட்டால் பண்ணைக்காரர் வீட்டுக்குக் காசோலை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. அந்த அறிவிப்பால் கிடைப்பது அவசரக் கடன்: 5 லட்சம் டாலர் வரை, 8 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வட்டியோடு கட்டவும் வேண்டும். திருப்பித் தர வேண்டாத பணம் வேறு திட்டங்களில் இருக்கிறது. அதற்குக் கவுண்டியிலுள்ள, வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

முதலில் வேலி. மூலையில் நிற்கும் மரக்கம்பம் எரிந்துவிட்டால், அதில் இழுத்துக் கட்டிய முள்கம்பி வரிசை முழுக்கத் தொய்ந்துவிடும்; நடுவிலுள்ள இரும்புக் கம்பங்கள் நின்றும் பயனில்லை. சீரமைப்புச் செலவில் 75 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. 25 விழுக்காட்டை முன்பணமாகவும் கேட்கலாம். சிக்கல் எங்கே என்றால், விண்ணப்பித்து அலுவலர் வந்து பார்ப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கினால் அந்தச் செலவு கணக்கில் ஏறாமல் போகலாம். பிழைத்த மாடு நெடுஞ்சாலையில் திரியும்போது எவர் காத்திருப்பார்? வயலறியாதவர் எழுதிய விதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எரிந்த வைக்கோலுக்குத் தனித் திட்டம் உண்டு. வாங்கிய ரசீது வேண்டும்.

இனி மாடு. சந்தை மதிப்பில் 75 விழுக்காடு. விலையை வேளாண் துறையே மாட்டின் வகைக்கும் எடைக்கும் ஏற்ப ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நல்ல இனம், விலை உயர்ந்தது என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. செத்த மாடு அத்தனைக்கும் பணம் கிடைக்காது. தீ இல்லாத ஆண்டிலும் சில மாடுகள் சாகும் அல்லவா, அந்த இயல்பான சாவைக் கழித்துவிடுவார்கள். கணக்குக்காக 100க்கு 1.5 என்று வைத்துக்கொள்வோம். 200 மாடு வைத்திருந்தவருக்கு 3 கழியும். 40 செத்திருந்தால் 37க்குத்தான் ஈடு.

பலர் சறுக்குவது செத்த மாட்டின் எண்ணிக்கையில் இல்லை, முன்பு இருந்த மாட்டின் எண்ணிக்கையில். 40 செத்ததைப் படம் எடுத்துக் காட்டிவிடலாம். தீக்கு முந்தைய நாள் 200 இருந்தது என்பதற்கு என்ன சான்று? வாங்கிய ரசீது, கால்நடை மருத்துவர் ஊசி போட்ட பட்டியல், வங்கிக் கடன் பத்திரம், கன்று ஈன்ற குறிப்பேடு, இவைதான் பேசும். நாற்றம் தாங்காமல் படம் எடுக்கும் முன்பே பள்ளம் தோண்டிப் புதைத்தவர், தன் பண்ணையோடு பண உறவு இல்லாத ஒருவரைச் சாட்சிக்குத் தேட வேண்டிவரும்.

தீக்காயப்பட்ட மாடு அன்றே சாவதில்லை. காம்பு வெந்திருந்தால் கன்றுக்குப் பால் இல்லை. குளம்பு சில வாரம் கழித்துக் கழன்று விழலாம். ஆகவே பேரிடர் முடிந்து 60 நாளுக்குள் அதனாலேயே செத்தாலும் கணக்கில் சேரும். காயத்தால் அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தாலும் ஓரளவு ஈடு உண்டு. எடையும் விலையும் உள்ள விற்பனைச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

தீ வந்தது பிப்ரவரிக் கடைசியில். பல பசுக்கள் நிறைசினை. வயிற்றுக் கன்றுக்கு அப்போது ஒரு டாலரும் கிடையாது. 2025 ஜூலையில் வந்த சட்டம்தான் அதையும் கணக்கில் சேர்த்தது, 2024 ஜனவரி முதலான இழப்புகளுக்கும் பொருந்தும்படி. அதற்கு, செத்த பசு சினையாக இருந்தது என்பதைக் காட்ட வேண்டும்.