ஒரே ஒரு புள்ளி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் 'கட்டமரன்' என்கிறார்களே, அது நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். பொருள்தான் கொஞ்சம் மாறிவிட்டது. நம்முடையது மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. அவர்களுடையது இரண்டு ஒல்லிப் படகுகளை இணைத்துப் பாய் கட்டியது. அப்படியொரு படகில் 54 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அர்ஜென்டினாவின் சாந்தியாகோ லாங்கே.

படிப்பு, படகு வடிவமைப்பு. முதல் ஒலிம்பிக், 1988இல் சியோல். 2004, 2008 இரண்டிலும் டொர்னாடோ வகைக் கட்டமரனில் வெண்கலம். பிறகு அந்த வகையையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மனிதர் கரையேறவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டும் நாக்ரா 17 என்ற கட்டமரன் வந்ததும், செசிலியா கரான்சாவோடு அதில் ஏறிவிட்டார்.

2015இல் நுரையீரல் புற்றுநோய். இடது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அடுத்த ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்! இந்தப் படகில் சும்மா உட்கார்ந்து போக முடியாது. இடுப்பில் கொக்கி மாட்டி, பாய்மரத்துக் கம்பியில் தொங்கி, பாதம் மட்டும் படகின் விளிம்பில் பதிய, முதுகைத் தண்ணீருக்கு மேல் சாய்த்து நிற்கவேண்டும். முழு நுரையீரல் உள்ளவர்களுக்கே மூச்சு வாங்கும்.

அதே ரியோவில் அவருடைய மகன்கள் யாகோ, கிளாவுஸ் இருவரும் 49இஆர் என்ற வேறொரு வகைப் படகில் அர்ஜென்டினாவுக்காக ஓட்டினார்கள்.

குவானபாரா விரிகுடாவில் கடைசிப் பந்தயம். பாய்மரப் போட்டியில் புள்ளி குறைந்தவருக்குத்தான் வெற்றி. நம் பரீட்சைக்கு நேர் எதிர். லாங்கேயின் படகு இரண்டு முறை தண்டனை வாங்கியது. தண்டனை என்றால், மற்றவர்கள் முன்னே போய்க்கொண்டிருக்க நீங்கள் படகை ஒரு வட்டம் சுற்றிவிட்டுத்தான் தொடரலாம். தட்டுத்தடுமாறி ஆறாவதாக வந்தார்கள். மொத்தக் கணக்கைக் கூட்டினால் அர்ஜென்டினா 77, ஆஸ்திரேலியா 78, ஆஸ்திரியாவும் 78.

மகன்கள் இருவரும் தண்ணீரில் குதித்தார்கள். நீந்திப்போய் அப்பாவின் படகைப் பிடித்தார்கள்.

டோக்கியோ தொடக்க விழாவில் நாட்டின் கொடியை அவரும் செசிலியாவும் சேர்ந்து ஏந்திச் சென்றபோது அவருக்கு வயது 59. அதற்குள் நாக்ராவையே மாற்றிவிட்டிருந்தார்கள். வேகம் பிடித்தால் தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும்படி அடியில் இறக்கைகள் வைத்து. அதையும் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தார்.

நன்றி, வணக்கம்.