பத்துக் குற்றமும் கும்பகோணத்துச் சிரிப்பும்

வணக்கம் நண்பர்களே. வழக்கம்போல் மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது பக்கத்து வீட்டு மோட்டார். அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு காணொளி முழுக்கப் புலம்பிவிட்டேன்.

சனிக்கிழமை கும்பகோணத்தில் ஸ்டாண்ட்-அப் காமெடி பார்த்தேன். விளம்பரத்தில் சீட்டு 299 ரூபாய். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் 347. கூடுதலான 48 ரூபாய்க்கு 'வசதிக் கட்டணம்' என்று பெயர். என் கைப்பேசியில், என் விரலால், நானே பதிந்துகொண்டதில் அவர்கள் செய்துகொடுத்த வசதி எது? அந்தப் பணத்தில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு மீதிச் சில்லறையும் வாங்கியிருப்பேன்.

இருக்கட்டும், மேடைக்கு வருவோம். அந்த இளைஞர் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர், அதாவது காவிரிப் பாசனத்தின் கடைக்கோடி ஊர்க்காரர். "மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்கள். எங்கள் ஊருக்குச் செய்தி அன்றைக்கே வந்து சேர்ந்துவிடும்" என்று சொல்லி, தண்ணீர் குடித்தார். அரங்கம் அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்தவரோ, "தண்ணீர் வராது என்கிறார்" என்று மனைவிக்கு விளக்கினார். அந்த அம்மையாரின் முகத்தில் அரும்பிய சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நகைச்சுவைக்கு உரை சொல்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

பவணந்தி முனிவர் நன்னூலில், ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களுள் முதலாவதாகக் குன்றக் கூறலை, அதாவது சொல்லவேண்டியதைக் குறைத்துச் சொல்வதை, வைக்கிறார். மிகைபடக் கூறல், கூறியது கூறல், முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லும் மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் உரையாடலுக்கு வகுத்த நெறிகளும் ஏறக்குறைய இந்தக் குற்றங்களின் மறுபக்கம்தான்: போதிய அளவு சொல், உண்மை சொல், தொடர்புடையதைச் சொல், தெளிவாகச் சொல். மேடைக் கலைஞர் இந்த நெறிகளை மீறித்தான் பிழைக்கிறார். ஆனால் மீறுவது நமக்குத் தெரியும்படி மீறுகிறார். சொல்லாமல் விட்டதை நாமே நிரப்பிக்கொள்ளும் கணத்தில் சிரிப்பு வெடிக்கிறது. நெறியை மறைவாக மீறினால் அதற்குப் பெயர் ஏமாற்று. 299 ரூபாய் என்றதும் குன்றக் கூறல்தானே? நான் சிரிக்கவில்லையே!

நாற்பது நிமிடம் கழித்துத் தம் கல்யாணக் கதையில், "பெண் வீட்டிலிருந்து சம்மதம் என்று செய்தி வந்து சேர்ந்துவிட்டது" என்றார். தனியாகப் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. கூறியது கூறல் என்ற குற்றம் மட்டுமே. அதற்குத்தான் அன்றைய இரவின் பெரிய கைதட்டல் என்று சொல்ல வந்தேன், இல்லை, ஒன்றை மறந்துவிட்டேன். இடையில் அவர், "இந்த ஊரில் யாருக்காவது அவசரம் என்று ஒன்று இருக்கிறதா?" என்று ஒப்புக்குக் கேட்டபோது, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, "எனக்கு இருக்கு தம்பி, ஒன்பதரைக்குக் கடைசி பஸ்" என்றார். பதில் சொல்லக்கூடாத இடத்தில், போதிய அளவில், உண்மையாக, தெளிவாகச் சொன்ன ஒரே மனிதர் அவர். கலைஞரே சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

அந்த 48 ரூபாயைத் திருப்பிக் கேட்டு ஞாயிற்றுக்கிழமையே மின்னஞ்சல் அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது: "தங்கள் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது."