சிறைக்குள் கட்டிய ராக்கி

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

மன்னிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சிலுவையில் இயேசு சொன்ன "தந்தையே, இவர்களை மன்னியும்" என்ற வார்த்தையோடு தொடங்குவதுதான் வழக்கம். "அவர் கடவுள், அவரால் முடியும், நம்மால் ஆகுமா?" என்று நீங்கள் கேட்டுவிடுவீர்கள். அதனால் நம் காலத்து மனிதர்களிடமே போய்விடுகிறேன்.

கேரளத்துப் புல்லுவழியில் பிறந்தவர் அருட்சகோதரி ராணி மரியா. மத்தியப் பிரதேசத்து உதய்நகர் பகுதியில் ஏழை விவசாயிகளிடையே வேலை செய்தார். வட்டிக்காரர் வாசலுக்குப் போகாதீர்கள், வங்கிக் கடன் இருக்கிறது, அரசுத் திட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். வட்டியில் பிழைத்தவர்களுக்குப் பொறுக்குமா? 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் போகும் பேருந்தில், பயணிகள் கண்ணெதிரிலேயே சமுந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் குத்திக் கொன்றார். நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

சிறையில் அவர் உடனே மனம் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மனைவி பிரிந்து போனார். தூண்டிவிட்ட பெரிய மனிதர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். ஒரு கொலை உள்ளே இருந்தபடியே அடுத்த கொலைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பழியின் கணக்கு அப்படித்தான் வளரும்.

சுவாமி சதானந்த் என்ற குருவானவர் அவரைச் சிறையில் போய்ப் பார்த்துப் பேசினார். பிறகு 2002-இல், ராக்கித் திருநாளை ஒட்டி, ராணி மரியாவின் தங்கை செல்மி பால் வந்தார். அவரும் கன்னியாஸ்திரிதான். அக்காவைக் கொன்ற அதே கையில் ராக்கி கட்டி, சகோதரனாக ஏற்றுக்கொண்டார்.

கொலை நடந்து ஏழு ஆண்டு கழித்து! இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இழவு வீட்டில் ஈரம் காயும் முன்பே "மன்னித்துவிடம்மா, கிறிஸ்தவளாச்சே" என்று உபதேசம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. மன்னிப்பை அடுத்தவர் அதிகாரம் பண்ணி வாங்க முடியாது.

ராக்கியோடும் விஷயம் முடியவில்லை. சமுந்தரின் விடுதலைக்கான கருணை மனுவுக்கு ராணி மரியாவின் குடும்பமும் அவருடைய துறவற சபையும் ஒப்புதல் கொடுத்தன. 2006-இல் அவர் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு புல்லுவழிக்கே போய், ராணி மரியாவைப் பெற்றவர்கள் முன் நின்றார். தூண்டிவிட்டவர்கள் மீதான வஞ்சத்தையும் விட்டுவிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவரும் அங்கே இருந்தார்.

விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலில் லாமேக்கு என்று ஒருவன் வருகிறான். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு, எனக்காக எழுபத்தேழு பழி என்று மனைவிகளிடம் மார்தட்டுகிறான். இயேசுவின் சீடர் பேதுரு "ஏழு தடவை மன்னித்தால் போதுமா?" என்று கேட்டபோது, இயேசு அந்தப் பழைய எண்ணை நினைவூட்டும் எண்ணிக்கை ஒன்றையே எடுத்து மன்னிப்பின் பக்கம் திருப்பிவிட்டார் என்று விவிலிய அறிஞர்கள் பலர் சொல்வார்கள்.

நம்மில் பலருக்குக் கத்தியும் இல்லை, கொலையும் இல்லை. வரப்புத் தகராறுதான், அப்பா எழுதிவைத்த பத்திரம்தான். ஞாயிறு திருப்பலியில் சமாதானம் சொல்லும்போது முன்னும் பின்னும் கும்பிடுவோம். இரண்டு பெஞ்சு தள்ளி நிற்கும் தம்பி பக்கம் மட்டும் கழுத்து திரும்பாது.

"அப்படியானால் கேஸை வாபஸ் வாங்கணுமா, ஃபாதர்?" என்று கேட்பார்கள். அவசியமில்லை. சமுந்தரும் பதினொரு ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர்தான். கேஸ் கோர்ட்டில் நடக்கட்டும். மகள் கல்யாணத்துக்குத் தம்பி வீட்டில் பத்திரிகை வைக்கக்கூடாது என்று எந்த நீதிபதியும் தடை உத்தரவு போடவில்லையே.