சூப் மேக்கரில் மினஸ்ட்ரோனி: அடுப்பில் பத்து நிமிடம், மெஷினில் 28 நிமிடம்

எல்லோருக்கும் வணக்கம். ஜன்னலைப் பாருங்கள், மணி நாலுதான் ஆகிறது, அதற்குள் இருட்டிவிட்டது. இங்கிலாந்தில் நவம்பர் வந்தால் இப்படித்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் நனைந்துகொண்டு வருவார்கள், வந்ததும் கையில் சூடாக ஒரு கிண்ணம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இன்றைக்கு மினஸ்ட்ரோனி, இத்தாலியர்களின் காய்கறி சூப்.

சூப் மேக்கரைப் பார்க்காதவர்களுக்காகக் கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். மின்சாரக் கெட்டில் மாதிரிதான் இருக்கும். அடியில் சூடேறும் தட்டு. மூடியிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது, அதன் நுனியில் பிளேடு. என்னுடையது 1.6 லிட்டர். உள்ளே இரண்டு கோடுகள் தெரிகின்றனவா? சூப் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். குறைந்தால் அடிப்பிடிக்கும். கூடினால் பொங்கி மூடியைத் தொடும், மெஷின் நின்றுவிடும்.

பட்டன்களில் நமக்கு வேண்டியது சங்க்கி மட்டும்தான், அதாவது காயைத் துண்டாகவே விடும் பட்டன், 28 நிமிடம். ஸ்மூத்தை அழுத்தினால் எல்லாவற்றையும் அரைத்துவிடும். இத்தாலியில் மினெஸ்த்ரா என்றால் சூப், அதோடு ‘ஓனே’ சேர்ந்தால் பெரிய சூப். காய் நிறைந்து, மென்று சாப்பிட வேண்டிய சூப். அரைத்த பிறகு அது மினஸ்ட்ரோனியே இல்லை. சில மெஷின்களில் சங்க்கியிலும் ஒரு சுற்று அரைக்கும், அதனால் உங்கள் மெஷினோடு வந்த கையேட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். பலரும் எல்லாக் காய்களையும் பச்சையாக உள்ளே போட்டு, தண்ணீர் ஊற்றி, பட்டனை அழுத்திவிடுகிறார்கள். நானும் முதல் மூன்று நான்கு தடவை அப்படித்தான் செய்தேன். காய் வெந்தது, ஆனால் ருசி இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சூப் மாதிரி இருந்தது. காரணம் எளிது: என்னுடைய மெஷின் வேகவைக்கும், வதக்காது. வதக்கும் வசதியோடு வருகிற மெஷின்களும் உண்டு, அது இருப்பவர்கள் உள்ளேயே வதக்கலாம். இல்லாதவர்கள் என்னோடு அடுப்புக்கு வாருங்கள்.

வாணலியில் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். ஒரு வெங்காயம், ஒரு கேரட், இரண்டு செலரித் தண்டு, மூன்றையும் பொடியாக நறுக்கி வைத்திருக்கிறேன். இத்தாலியர்கள் இதை சொஃப்ரிட்டோ என்பார்கள். தீயைக் குறைத்து வையுங்கள். நாம் பிரியாணிக்கு வதக்குவது போல வெங்காயம் சிவக்கக் கூடாது. இங்கே கிட்டே பாருங்கள்: வெங்காயம் கண்ணாடி போல ஆகிறது, கேரட்டின் நிறம் எண்ணெயில் இறங்கி எண்ணெயே ஆரஞ்சாகிவிட்டது. சத்தமும் மாறியிருக்கிறது. முதலில் சடசடவென்று இருந்தது, இப்போது மெல்லச் சீறுகிறது. ஈரம் வற்றிவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடம் ஆனது. இப்போது இரண்டு பல் பூண்டு, ஒரு கரண்டி தக்காளி பேஸ்ட், இன்னும் ஒரு நிமிடம். இந்த வாசனைக்காகத்தான் இத்தனை நேரம் நின்றேன்.

இதை அப்படியே மெஷினில் கொட்டுகிறேன். கூடவே ஒரு உருளைக்கிழங்கு, பாதி சுக்கினி (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் காய்), ஒரு கைப்பிடி பச்சை பீன்ஸ். உருளைக்கிழங்கைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கியிருக்கிறேன். தக்காளியின் புளிப்பு காயைச் சீக்கிரம் வேகவிடாது, பெரிய துண்டு என்றால் 28 நிமிடத்துக்குப் பிறகும் நடுவில் நறுக்கென்று இருக்கும். டின் தக்காளியிலும் பாதிதான், 200 கிராம். மினஸ்ட்ரோனி சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இத்தாலியின் ஜெனோவாவில் கடைசியில் பெஸ்டோவை, அதாவது பேசில் இலை அரைத்த சாஸைக் கலந்து பச்சை நிறமாகச் சாப்பிடுவார்கள். மிலான் பக்கம் பாஸ்தாவுக்குப் பதில் அரிசி போடுவார்கள். அந்தந்தப் பருவத்தில் கிடைக்கிற காய்தான் கணக்கு.

ராஜ்மா மாதிரியான பொர்லோட்டி பீன்ஸ் ஒரு டின், தண்ணீரை வடித்துக் கழுவியது. இதில் பாதியை முள்கரண்டியால் மசித்துப் போடுகிறேன், சூப் தானாகக் கெட்டியாகும், மாவு எதுவும் வேண்டாம். இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ந்த ராஜ்மாவையோ இந்த மாதிரி பீன்ஸையோ பச்சையாக மெஷினில் போடாதீர்கள். சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். காய்ந்ததுதான் இருக்கிறது என்றால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவைத்த பிறகு சேருங்கள்.

இப்போது காய்கறி ஸ்டாக், அதாவது காய் வேகவைத்து வடித்த சாறு, சூடாக, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கும் வரை. அடிவரை ஒரு கலக்குக் கலக்கி, எதுவும் தட்டில் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து, மூடி, சங்க்கி. அவ்வளவுதான்.

பாஸ்தா எங்கே என்று கேட்பீர்கள். அது மெஷினுக்குள் போகாது. போன குளிர்காலத்தில் நான் முதலிலேயே போட்டேன். இருபதாவது நிமிடத்தில் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் பாஸ்தா கூழாகி அடியில் படிந்து, தட்டு முழுக்கக் கறுப்பு. மாவுச்சத்து கீழே இறங்கிச் சூட்டில் ஒட்டிக்கொண்டால் மேலே இருக்கிற சூப் முழுவதும் தீய்ந்த வாடை அடித்துவிடும். அத்தனை காயையும் கொட்ட வேண்டியதாயிற்று, இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. தட்டைச் சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்த பிறகுதான் சுத்தமானது. மூடியை மட்டும் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அதில்தான் மோட்டார் இருக்கிறது.

அதனால் டிட்டாலினி பாஸ்தா 60 கிராம், தனிப் பாத்திரத்தில், உப்புப் போட்ட தண்ணீரில் வேகிறது. குட்டிக் குழாய் மாதிரி இருக்கும், கரண்டியில் அழகாக உட்காரும்.

பீப் கேட்டதா? முடிந்தது. மூடியை உங்கள் பக்கம் திறக்காமல் எதிர்ப்பக்கமாகத் திறவுங்கள், இல்லாவிட்டால் ஆவி நேராக முகத்தில் அடிக்கும். பொடியாக நறுக்கிய சவாய் முட்டைக்கோஸை இப்போதுதான் போடுகிறேன். மூடி ஐந்து நிமிடம் விட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்து பச்சை நிறம் மாறாமல் இருக்கும். உப்பையும் இப்போது பாருங்கள், ஸ்டாக்கிலேயே நிறைய இருக்கும்.

கிண்ணத்தில் முதலில் பாஸ்தா, அதன் மேல் சூப், ஒரு சுற்று ஆலிவ் எண்ணெய், துருவிய சீஸ். சைவம் சாப்பிடுபவர்கள் கவனியுங்கள்: உண்மையான பார்மெசான் சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரெனெட் சேர்த்துத்தான் செய்கிறார்கள். இங்கே கடைகளில் சைவம் என்று போட்ட கெட்டி சீஸ் தனியாகக் கிடைக்கிறது, எங்கள் வீட்டில் அதுதான்.

ம்ம்... உருளைக்கிழங்கு வெந்திருக்கிறது, ஆனால் உடையவில்லை. பீன்ஸ் வெண்ணெய் போல இருக்கிறது. செலரி வாசனை கடைசியில் மெதுவாக வருகிறது பாருங்கள், வதக்காமல் போட்டபோது இது வரவே இல்லை.

மீதியைப் பாஸ்தா கலக்காமல் ஃப்ரிட்ஜில் வைக்கப் போகிறேன். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் மிஞ்சிய காய் சூப்பில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மறுபடி கொதிக்கவைப்பார்கள். பெயரே ரிபொல்லிட்டா, மறுபடி கொதித்தது என்று அர்த்தம். நாளைக்கு அதைத்தான் செய்யப்போகிறேன், அடுப்பில்தான், மெஷினில் ரொட்டி போட முடியாது. கதவுச் சத்தம் கேட்கிறது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நாளைக்குப் பார்ப்போம்.