குளிர்ந்த பக்கத்தின் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

லென்ஸை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கிப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளியில் காகிதத்துக்குப் பதிலாக 4 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் வில்லையை வையுங்கள். ஓரத்தில் ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். சிறிய குளிர்பெட்டிகளுக்குள் இருப்பதும் இதே வில்லைதான். அங்கே மின்சாரம் கொடுத்துக் குளிர்ச்சி வாங்குகிறோம். இங்கே சூடு கொடுத்து மின்சாரம்.

நான் முதன்முறை செய்து பார்த்தபோது, ஒயர்களில் மாட்டிய மல்டிமீட்டரில், அதாவது மின்சாரத்தை அளக்கும் கருவியில், எண் விறுவிறுவென ஏறியது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இறங்கவும் ஆரம்பித்தது. வெயில் குறையவில்லை; வில்லையின் அடிப்பக்கமும் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். அடியில் ஈரத்துணியை வைத்தேன், எண் மறுபடி ஏறியது.

காரணம், மின்சாரம் தருவது சூடு அல்ல, சூட்டின் வித்தியாசம். 1821இல் சீபெக் என்ற விஞ்ஞானி இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்தம் என்றே நினைத்தார். வளையத்தில் ஓடுவது மின்சாரம் என்று புரியவைத்தவர் ஓர்ஸ்டெட் என்ற இன்னொரு விஞ்ஞானி.

சரி, வில்லைக்குள் என்ன? பெரும்பாலும் பிஸ்மத் டெலுரைடு, அதாவது பிஸ்மத்தும் டெலுரியமும் சேர்ந்த பொருள். உள்ளே இருக்கும் பொருள் மின்சாரத்தைத் தாராளமாக விட வேண்டும், வெப்பத்தை மட்டும் மறிக்க வேண்டும்; அப்போதுதான் சூட்டின் வித்தியாசம் நிலைக்கும். பொருள்களின் இயல்போ நேர் எதிர்: செம்பு இரண்டையும் ஓடவிடும், கண்ணாடி இரண்டையும் மறிக்கும். அதனால்தான் கனமான அணுக்கள் கொண்ட பொருள்களைத் தேடுகிறார்கள், அவற்றையும் நுண்துகள்களாக அரைத்து அழுத்துகிறார்கள். துகள்களின் எல்லைகளில் வெப்ப அதிர்வு சிதறும், எலக்ட்ரான் ஓரளவு தப்பித்துப் போகும்.

வெயிலைக் குவித்தால், அதன் சக்தியில் எவ்வளவு மின்சாரமாகக் கிடைக்கும்? 1954இல் மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி குவிக்காமல் 0.6 சதவீதமும், 50 மடங்கு குவித்து 3.35 சதவீதமும் எடுத்தார். 2016இல், காற்றில் சூடு வீணாகாமல் வெற்றிடத்துக்குள் வைத்து, 200 மடங்குக்குச் சற்று மேலே குவித்தபோது 7.4 சதவீதம். கூரையில் வைக்கும் சோலார் தகடு சாதாரணமாகவே 20 சதவீதம் தருகிறது. அதோடு இது மோதி ஜெயிக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் இதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுப்பதும், புளூட்டோனியச் சூட்டில் இயங்கும் இதே தத்துவம்தான்.

அப்புறம், அந்த ஈரத்துணி. அதற்குப் பதில் அடியில் தண்ணீரை ஓடவிட்டால், அது வெதுவெதுப்பாக வெளியே வரும். குளிக்கவோ கழுவவோ எடுத்துக்கொள்ளலாம். இன்னும் சூடாக வேண்டுமென்று ஓட்டத்தைக் குறைத்தால் மீட்டரில் எண் இறங்கிவிடும்.